கூம்பு நத்தை விஷத்தில் வலி மருந்து: வாட்ஸ்அப்பில் வந்தது எவ்வளவு உண்மை?

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆத்தாவுக்கு வயது எழுபத்து நாலு. போன ஐப்பசியில் இடது விலாவில் அக்கி வந்தது. வேளார் வந்து காவியில் அக்கி எழுதினார், டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். கொப்புளம் ஆறி வடுவும் மங்கிவிட்டது. வலி மட்டும் போகவே இல்லை. முந்தானை பட்டாலே நெருப்புப் பட்ட மாதிரி எரிகிறது என்கிறார். பட்டாலையில் மின்விசிறிக் காற்று படாத மூலையாகத் தேடிப் படுக்கிறார்.

பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. கடல் நத்தையின் விஷத்திலிருந்து வலி மருந்து எடுத்திருக்கிறார்களாம். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு வீரியமாம், பழக்கமும் ஆகாதாம். வெளிநாட்டில் விற்கிறார்கள், இங்கே வரவிடாமல் மருந்துக் கம்பெனிகள் தடுக்கின்றன என்று முடிகிறது. இதில் எவ்வளவு உண்மை? தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவனிடம் சொல்லி வாங்கி வரச் சொல்லலாமா?

---

கண்டனூரான்

அண்ணே, "கம்பெனிகள் தடுக்கின்றன" என்று முடிகிற எந்தச் செய்தியையும் நான் அடுத்த ஆளுக்கு அனுப்புவதில்லை. போன மாதம் இதே குழுவில் நண்டு ஓட்டில் புற்றுநோய் மருந்து வந்தது. இந்த மாதம் நத்தை. அடுத்த மாதம் சுறா.

---

மருந்துப்பெட்டி

கண்டனூரான், அவசரப்படாதீர்கள். இந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன், சொந்த ஊர் காரைக்குடி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மருந்தின் பெயர் சிகோனோடைடு. விற்பனைப் பெயர் ப்ரியால்ட். அமெரிக்காவில் 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கோனஸ் மேகஸ் என்ற கூம்பு நத்தை மீனைக் குத்திச் செயலிழக்கச் செய்யப் பயன்படுத்தும் விஷத்தில் இருக்கும் ஒரு பெப்டைடின், அதாவது ஒரு சின்னப் புரதத்தின், நகல் அது. நகல் என்றால் அச்சு அசல், அதே 25 அமினோ அமிலங்கள், அதே வரிசை. ஆனால் ஆய்வகத்தில் செய்வது. ஒரு நத்தையைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை.

கண்டுபிடித்த கதை சுவையானது. பால்டோமெரோ ஒலிவேரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டிஎன்ஏ ஆராய்ச்சி செய்துவிட்டு மணிலா திரும்பினால் அங்கே அந்த வேலைக்கான கருவி எதுவும் இல்லை. சரி, கையில் கிடைப்பதை வைத்துச் செய்வோம் என்று ஊர்க் கடலில் கிடைத்த நத்தைகளை எடுத்துக்கொண்டார். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே அதைத் தொடர்ந்தார். விஷத்தைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் எலியின் மூளையில் செலுத்திப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் கிரேக் கிளார்க் என்ற இளநிலை மாணவர். ஒரு கூறு போட்டால் எலி தூங்கிவிடும், இன்னொன்று போட்டால் உதறும், மற்றொன்று போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே விஷத்துக்குள் இத்தனை வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. இந்த மருந்தின் மூலப் பெப்டைடைப் பிரித்தெடுத்த மைக்கேல் மெக்கின்டாஷும் அப்போது பள்ளி முடித்து வந்த மாணவர்தான்.

வேலை செய்யும் விதம் இது. வலிச் செய்தி தோலிலிருந்து தண்டுவடம் வரை ஒரு நரம்பில் வருகிறது. அங்கே அடுத்த நரம்புக்குக் கைமாற வேண்டும். கைமாறுவதற்கு முதல் நரம்பின் நுனியில் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும், அதற்கென்று ஒரு துவாரம் உண்டு. என்-வகைக் கால்சியம் சேனல் என்பார்கள். சிகோனோடைடு அந்தத் துவாரத்தை அடைத்துவிடும். கைமாற்றம் நடக்காது, மூளைக்கு வலி போய்ச் சேராது.

மார்ஃபின் வேறு வழியில் வேலை செய்கிறது. அதனால்தான் சிகோனோடைடுக்கு மார்ஃபினைப் போல நாளாக ஆக அளவைக் கூட்ட வேண்டிய நிலை வருவதில்லை, மூச்சையும் அடக்குவதில்லை, திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு தவிப்பதில்லை. செய்தியில் உண்மையான பாதி இதுதான்.

---

முகப்புத்திண்ணை

அப்படியானால் நல்ல மருந்துதானே அண்ணே? மற்ற பாதி என்ன?

---

மருந்துப்பெட்டி

மற்ற பாதி, அது உடம்புக்குள் போகும் வழி.

வாயில் போட்டால் வயிறு அதைப் பருப்பைச் செரிப்பது போலச் செரித்துவிடும், பெப்டைடு என்பது சின்னப் புரதம்தானே. இரத்தக் குழாயில் ஊசி போட்டால் இரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கடக்க முடியாது. போதாக்குறைக்கு அதே கால்சியம் சேனல் இரத்த அழுத்தத்தைக் காக்கும் நரம்புகளிலும் உண்டு, அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே ஒரே வழிதான்: வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை முதுகெலும்புக்குள் நுழைத்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அறுவை சிகிச்சை, மறுபடி மறுபடி பம்ப் நிரப்புதல், கிருமி புகுந்து மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் எல்லாம் கூடவே வரும்.

அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். உச்சவரம்பு 19.2 மைக்ரோகிராம். நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் ஐந்து லட்சம் மைக்ரோகிராம் இருக்கிறது. "ஆயிரம் மடங்கு வீரியம்" என்று குழுவில் சொல்வது இந்தச் சின்ன அளவைத்தான். வலி ஆயிரம் மடங்கு குறையும் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

அளவு துளி கூடினாலும் தலைசுற்றல், மறதி, நடை தள்ளாட்டம், சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரிவது. மனநோய் முன்பு இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். மற்ற எதுவும் கைகொடுக்காத கடும் வலிக்காரர்களுக்காக வைத்திருக்கும் மருந்து இது. தம்பி கடையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரக்கூடிய பொருள் இல்லை.

---

சிங்கை வளவு

இந்தப் பம்ப் விஷயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு டெக்சாஸில் வேலை பார்த்தபோது உடன் இருந்த ஒருவருக்கு முதுகில் மூன்று அறுவை, காலில் தீராத நரம்பு வலி. நத்தை மருந்து வைத்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அளவைக் கூட்டிய ஒரு வாரத்தில் அவர் மனைவியிடம் கூடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் குழந்தையே கிடையாது. அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. கடைசியில் அந்த வலியோடும் குறைந்த அளவோடும் ஒரு சமரசத்துக்கு வந்தார்.

---

வேலங்குடி

எல்லாரும் வெளிநாட்டுக் கதையே பேசுகிறீர்கள். பாஷாணத்தைச் சுத்தி செய்து மருந்தாக்குவது நம் சித்தர்களுக்குத் தெரியாததா? நத்தைக் கறி மூலத்துக்கு நல்லது என்று நம் ஊரில் இன்றும் சமைக்கிறோம். தொண்டிக் கடலில் கிடைக்கும் நத்தையைப் பிடித்து நம்மாட்களே செய்தால் என்ன?

---

தொண்டிக்காரி

வேலங்குடி அண்ணே, தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். நீங்கள் சமைப்பது குளத்து நத்தை. கூம்பு நத்தை அதற்குச் சொந்தமே இல்லை. நான் தொண்டியில் கடலியல் படித்தவள், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. வலையில் மீனோடு வரும் கழிசலில் கூம்பு நத்தைகளைப் பொறுக்கியிருக்கிறேன், இடுக்கியால்தான், கையால் இல்லை.

பார்க்க அவ்வளவு அழகு. கோனஸ் அமாடிஸின் ஓட்டில் காவி நிறத்தில் வெள்ளை முக்கோணங்கள் அடுக்கடுக்காக, நம் ஆத்தங்குடிக் கல்லில் போடும் பூவேலை போல இருக்கும். அலங்காரத்துக்கு எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஆபத்தே அங்குதான். குறுகிய பக்கத்திலிருந்து துதிக்கை மாதிரி ஒரு குழாய் நீளும், அதன் நுனியில் உள்ளே துளையுள்ள ஒரு பல். முனையில் மீன்முள் போலக் கொக்கி. அந்தப் பல்லையே ஈட்டியாக எய்து விஷத்தை ஏற்றிவிடும். ஒரு பல் ஒரு தடவைக்கு. உள்ளே ஒரு பையில் அடுத்தடுத்த பற்கள் தயாராக இருக்கும். கோனஸ் ஜியோகிராபஸ் குத்தி ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அதற்கு முறிமருந்து கிடையாது. மூச்சுத் தசை நின்றுவிடும், செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

விஷம் எடுப்பதும் வேடிக்கை. ஒலிவேரா ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாயின் வாயில் ஆணுறையை இழுத்து மாட்டி, அதைத் தங்கமீன் மேல் தேய்த்து நத்தையின் முன் நீட்டுவார்களாம். மீன் வாசனைக்கு நத்தை ஆணுறையைத் தாண்டிக் குத்தும், விஷம் குழாய்க்குள் விழும்.

நம் கடலிலும் வேலை நடக்காமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழு தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிடைத்த கோனஸ் அமாடிஸ் விஷத்திலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்து 2003இல் வெளியிட்டது. ஆனால் அது சோடியம் சேனலை, அதாவது நரம்பில் சோடியம் நுழையும் துவாரத்தை, மூட விடாமல் செய்வது. வலியைக் குறைக்காது, கூட்டத்தான் கூட்டும். ஆராய்ச்சிக்கு அது ரொம்பப் பயன், மருந்துக்கு நேரடியாக இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "தமிழக நத்தையில் மருந்து" என்று யாராவது தலைப்புப் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. கோனஸ் மில்னேட்வர்ட்சி என்ற இனம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிடித்தால் வழக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. "நம்மாட்களே செய்தால் என்ன" என்று வலையோடு அங்கே போய்விட முடியாது.

---

கண்டனூரான்

சரி, மருந்து உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி வேறு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூம்பு நத்தை மட்டும் எழுநூறு இனத்துக்கு மேல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நூறு பெப்டைடுக்குக் குறையாது என்கிறார்கள். சிலந்தி, தேள், பாம்பு தனி. இத்தனை லட்சம் பெப்டைடில் வலிக்கென்று கையில் இருப்பது ஒன்று. அதுவும் முதுகெலும்பில் குழாய் செருகினால்தான். இதற்குப் பெயர் பொக்கிஷமா?

---

மருந்துப்பெட்டி

நியாயமான கேள்வி. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடிப்பதில் பஞ்சம் இல்லை. இடிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, எலியில் வேலை செய்தது மனிதனில் செய்யாமல் போவது. இரண்டு, உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பத்திரிகைச் செய்திகள் எப்போதும் முதல் படியில் வருகின்றன, இந்த இரண்டு படிகளில் விழுந்ததைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

முதலாவதற்கு எடுத்துக்காட்டு: கோனஸ் விக்டோரியே என்ற ஆஸ்திரேலிய நத்தையிலிருந்து எடுத்த விசி1.1 என்ற பெப்டைடு. எலிகளின் நரம்பு வலிக்கு அருமையாக வேலை செய்தது. மனிதர்களிடம் சோதனை தொடங்கினார்கள். பிறகு பார்த்தால், அது குறிவைக்கும் ஏற்பி, அதாவது அது போய் ஒட்ட வேண்டிய இடம், மனிதனில் சற்று வேறு மாதிரி, எலியின் ஏற்பியில் ஒட்டியது போல இதில் ஒட்டவில்லை. 2007இல் கைவிட்டார்கள்.

அடுத்தது சிலந்தி. இந்தப் பக்கம் நாம் பார்க்கும் வீட்டுச் சிலந்தி இல்லை, உள்ளங்கை அளவு டரன்டுலா. கதை தொடங்குவது பாகிஸ்தானில். தெருவில் வித்தை காட்டும் ஒரு சிறுவன், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்பில் நடப்பான். அவனுக்கு வலி என்ற உணர்வே இல்லை. மருத்துவர்கள் அவனைப் பரிசோதிக்கும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான், பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவன் உறவுக் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள்: என்ஏவி1.7 என்ற ஒற்றைச் சோடியம் சேனல் அவர்களுக்கு வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தது, தொடுகை, சூடு, குளிர் எல்லாம் தெரியும். வலி மட்டும் இல்லை.

உடனே உலகமே அந்தச் சேனலை அடைக்கக் கிளம்பியது. பெருவின் பச்சை வெல்வெட் டரன்டுலாவின் விஷத்தில் புரோடிஎக்ஸ்-2 என்ற பெப்டைடு அதை நன்றாகவே அடைக்கிறது. ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் இதே குடும்பத்துச் சேனல்கள்தான். ஒன்றை அடைக்கப் போய் இன்னொன்றையும் தொட்டுவிட்டால் ஆள் போய்விடுவான். அந்தச் சேனலைக் குறிவைத்த மாத்திரைகளும் மனிதர்களிடம் எதிர்பார்த்த அளவுக்கு வலியைக் குறைக்கவில்லை. இன்றுவரை என்ஏவி1.7 மருந்து கடைக்கு வரவில்லை.

---

ஆச்சி_பள்ளத்தூர்

மருந்துப்பெட்டி தம்பி சொல்வதெல்லாம் சரி. நான் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். தேள் கடியைப் பற்றி ஒரு வார்த்தை, விஷம் என்றால் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

நம் பக்கம் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! மகா சிவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள், இரண்டாம் கட்டில் விறகைப் புரட்டுவார்கள், செந்தேள் கொட்டும். குழந்தைகள்தான் அதிகம். கொட்டின இடத்தில் ஒரு வீக்கமும் இருக்காது, புள்ளிகூடத் தெரியாது. ஆனால் குழந்தை அலறும், உடம்பெல்லாம் வேர்த்துச் சொட்டும், கைகால் ஜில்லென்று இருக்கும். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி வேர்வை. அதைப் பார்த்தால் நாங்கள் உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அப்புறம் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முன்பெல்லாம் அப்படியே போய்விடுவார்கள். மகாராஷ்டிராவில் மகாட் என்ற ஊரில் ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற டாக்டர் 1980களில் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று காட்டினார். சின்ன மாத்திரை, விலையும் சொற்பம். பத்மஸ்ரீ ரொம்பத் தாமதமாக 2022இல்தான் கொடுத்தார்கள்.

மந்திரித்துவிட்டு வருகிறோம், பார்வை பார்த்துவிட்டு வருகிறோம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

---

மருந்துப்பெட்டி

ஆச்சி, நீங்கள் சொன்ன செந்தேளின் விஷத்தில் ஐபீரியோடாக்சின் என்று ஒன்று உண்டு. பொட்டாசியம் சேனல் ஒன்றை அடைக்கும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் அந்தச் சேனலைப் படிக்க அதைத்தான் வாங்குகிறார்கள். மருந்தாகவில்லை, ஆனால் கருவியாகிவிட்டது. விஷப் பெப்டைடுகளின் பெரிய பயன் இன்றைக்கு இந்த வேலைதான். எந்தச் சேனலைத் தொட்டால் வலி வரும், எதைத் தொட்டால் நிற்கும் என்று அவைதான் காட்டிக்கொடுக்கின்றன.

தேள் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு ஆய்வு. அமெரிக்கப் பாலைவனத்தில் வெட்டுக்கிளி எலி என்று ஒரு எலி, தேளைப் பிடித்துத் தின்னும். அரிசோனாவின் பட்டைத் தேள் கொட்டினால் மனிதர்கள் கதறுவார்கள். இந்த எலியோ கொட்டு வாங்கியதும் கொஞ்சம் நக்கிவிட்டுத் தின்பதைத் தொடர்கிறது. 2013இல் ஆஷ்லி ரோவ் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: அதன் வலி நரம்பில் உள்ள என்ஏவி1.8 சேனலில் ஓர் இடத்தில் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. தேள் விஷம் அதில் ஒட்டினால் சேனல் மூடிக்கொள்கிறது. மற்றவர்களுக்கு வலி தரும் விஷம் அந்த எலிக்கு வலி மருந்து. தேளைத் தின்று தேளையே வலி மாத்திரையாகவும் போட்டுக்கொள்கிறது!

கண்டனூரானுக்கு: அந்த என்ஏவி1.8 சேனலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது, அறுவைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு. அது விஷத்திலிருந்து வந்தது இல்லை, ஆய்வகத்தில் வடிவமைத்த சின்ன மூலக்கூறு. வாயில் போடலாம், போதைப் பழக்கம் இல்லை.

---

கண்டனூரான்

அப்போ நான் சொன்னது சரிதானே? நத்தையும் சிலந்தியும் தேவையில்லை. மாத்திரையை நேரடியாகச் செய்துவிட்டார்கள்.

---

மருந்துப்பெட்டி

பாதி சரி. கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையின் கதை தெரியுமா? பிரேசிலில் ஜராராக்கா என்ற விரியன். அதன் கடி இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். செர்ஜியோ ஃபெரேரா அந்த விஷத்துப் பெப்டைடுகளை இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். நேரடியாகப் பெப்டைடையே மருந்தாக்கிப் பார்த்தார்கள், ஊசியாகத்தான் போட முடிந்தது. ஸ்க்விப் கம்பெனியின் குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்தப் பெப்டைடு எங்கே ஒட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டு, ஒட்டும் முனையை மட்டும் சின்ன மூலக்கூறாகச் செய்தார்கள். 1981இல் மாத்திரையாக வந்தது. உங்கள் வீட்டில் யாராவது எனலாப்ரில் போடுகிறார்களா? அது அதன் தம்பி.

நம் செம்மண் காட்டில் திரியும் சுருட்டை விரியனுக்கும் இதே கதை. அதன் விஷத்தில் எக்கிஸ்டாடின் என்று ஒரு பெப்டைடு, இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். அதைப் பார்த்து வடிவமைத்ததுதான் டைரோஃபைபன், 1998இலிருந்து மாரடைப்புக்குப் பயன்படுகிறது. கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கடிக்கும் அதே பாம்பு.

ஆக, விஷம் இடத்தைக் காட்டுகிறது. அந்த இடத்துக்கு மாத்திரை செய்வது வேதியியலாளர் வேலை. இரத்த அழுத்தத்தில் அது நடந்துவிட்டது, வலியில் விஷத்தைப் பார்த்து வடிவமைத்த மாத்திரை இன்னும் வரவில்லை.

---

வேலங்குடி

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். பெப்டைடையே கொஞ்சம் மாற்றி வயிற்றில் செரிக்காமல் செய்ய முடியாதா?

---

தொண்டிக்காரி

நல்ல கேள்வி அண்ணே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். கூம்பு நத்தைப் பெப்டைடுகளில் கந்தகப் பிணைப்புகள் உண்டு, மடித்த வெற்றிலையைக் கிராம்பு குத்தி நிறுத்தின மாதிரி வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிகோனோடைடில் அப்படி மூன்று. அதனாலேயே மற்றப் புரதங்களைவிடக் கெட்டியாக நிற்கிறது. இன்னும் கெட்டியாக்க, தலையையும் வாலையும் சேர்த்து வளையமாக்கிப் பார்த்தார் டேவிட் கிரெய்க், ஆஸ்திரேலியாவில். முன்னால் சொன்ன அந்த விசி1.1ஐத்தான் வளையமாக்கினார். வாய்வழி கொடுத்தும் எலியில் வலி குறைந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். எலியில் என்பதைக் கவனியுங்கள், மருந்துப்பெட்டி அண்ணன் சொன்ன முதல் படி.

---

சிங்கை வளவு

எல்லாம் சரி, கேட்டவர் ஆத்தா வலியில் துடிக்கிறார். இந்த இழையில் அவருக்கு என்ன கிடைத்தது?

---

ஆச்சி_பள்ளத்தூர்

அதைத்தான் நானும் நினைத்தேன். முகப்புத்திண்ணை தம்பி, அக்கிக்கு அப்புறம் தங்கிப்போகும் இந்த எரிச்சலுக்கு மருந்து இருக்கிறது. கேபபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் இந்த வகையில் ஏதாவது ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தோலில் ஒட்டும் லிக்னோகைன் பட்டையும் உண்டு. வெறும் பாராசிட்டமாலுக்கு இந்த வலி அசையாது. ஆத்தாவுக்கு இப்போது என்ன ஓடுகிறது?

---

முகப்புத்திண்ணை

பிரீகாபலின் எழுதினார்கள் ஆச்சி. போட்டதும் தூங்கித் தூங்கி விழுந்தார். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து இறங்க எத்தனை படி என்று உங்களுக்குத் தெரியும். விழுந்துவிடுவாரோ என்று நாங்களே நிறுத்திவிட்டோம்.

---

ஆச்சி_பள்ளத்தூர்

டாக்டரிடம் சொன்னீர்களா? நிறுத்துவது ஒன்றுதான் வழி என்று இல்லை. இரவில் மட்டும், குறைந்த அளவில், மெல்ல மெல்ல ஏற்றலாம். முதல் வாரத் தூக்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த வாரம் மட்டும் ஆத்தா கூட ஒரு ஆள் படுத்துக்கொள்ளட்டும், இரவில் கொல்லைக்குப் போகும்போது கைபிடித்துக் கூட்டிப் போகட்டும். சிறுநீரகம் எப்படி என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அளவு. மதுரை, திருச்சி பக்கம் வலிக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு, ஒரு தடவை காட்டுங்கள்.

அப்புறம், வீட்டில் ஐம்பதைத் தாண்டினவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் 2023இல் வந்தது, இரண்டு ஊசி. விலை கூடுதல்தான், ஆனால் ஆத்தா படும் பாட்டைப் பார்த்தால் யோசிக்க வேண்டியதில்லை. கொப்புளம் வந்துவிட்டால் மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். காவி எழுதுகிறவர் எழுதட்டும், மாத்திரையும் அன்றைக்கே ஆரம்பிக்கட்டும்.

---

மருந்துப்பெட்டி

ஆச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இழையின் தலைப்புக்கும் பொருந்தும். மிளகாயின் காரம் கேப்சைசின். அது நரம்பில் எந்த ஏற்பியைத் தூண்டுகிறதோ, அதே ஏற்பியைத் தான் டிரினிடாட் டரன்டுலாவின் விஷமும் தூண்டுகிறது என்று டேவிட் ஜூலியஸ் குழு 2006இல் காட்டியது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்கு 2021இல் அவருக்கு நோபல் கிடைத்தது. தாவரமும் சிலந்தியும் தனித்தனியாக, தன்னைத் தின்ன வரும் விலங்கை விரட்ட ஒரே எரிச்சல் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கியிருக்கின்றன!

அதே ஏற்பியைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருந்தால் நரம்பு நுனி அயர்ந்துபோய் வலியை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். அக்கி வலிக்குக் கேப்சைசின் களிம்பு பூசுவது இதனால்தான். 8 சதவீதக் கேப்சைசின் பட்டை ஒன்றுக்கு 2009இல் அமெரிக்காவில் அக்கி வலிக்கென்றே அனுமதி கொடுத்தார்கள், மருத்துவமனையில் வைத்து ஒரு மணி நேரம் ஒட்டுவார்கள். விஷப் பெப்டைடு இல்லை, ஆனால் விஷம் காட்டிய அதே இடம்தான்.

---

கண்டனூரான்

ராமநாதபுரம் முண்டு மிளகாய் நோபல் வரை போய்விட்டது என்று குழுவில் போட்டுவிடட்டுமா?

---

தொண்டிக்காரி

போட்டீர்களானால் அடுத்த வாரம் "மிளகாயை அரைத்துப் பூசினால் வலி போகும், கம்பெனிகள் மறைக்கின்றன" என்று உங்களுக்கே திரும்பி வரும்.

---

முகப்புத்திண்ணை

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை அதே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், தூக்கம் வந்த விஷயத்தைச் சொல்கிறேன். குழுவில் அந்தச் செய்திக்குக் கீழே மருந்துப்பெட்டி அண்ணன் எழுதிய பம்ப் பத்தியை மட்டும் ஒட்டியிருக்கிறேன், இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆச்சி, ஒரு சந்தேகம். டாக்டர் அந்தக் கேப்சைசின் களிம்பு எழுதினால், குளித்த உடனே பூசலாமா?

---

ஆச்சி_பள்ளத்தூர்

கூடாது. வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசினால் ஆத்தா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். உடம்பு நன்றாக ஆறட்டும். கையுறை போட்டுத்தான் பூச வேண்டும், பூசினவர் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது, பேரன் பேத்தியைத் தூக்கக் கூடாது. ஆறாத புண் மேல் படவே கூடாது. முதல் சில நாள் எரியத்தான் செய்யும், எரிகிறது என்று விட்டு விட்டுப் பூசினால் பலன் இல்லை. முந்தானை பட்டாலே தாங்காதவருக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் டாக்டரையே கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓரமாக ஒரு இடத்தில் பூசிப் பார்த்துவிட்டு அப்புறம் முழுக்கப் பூசுங்கள்.